ஊராட்சியாகவே இருப்பதா, பேரூராட்சி ஆவதா, மாநகராட்சியில் சேர்வதா?

நகரத்தை ஒட்டிய ஊர்களில் 2025 ஜனவரியிலிருந்து இதே பேச்சுதான். 16 மாநகராட்சிகளோடு 149 ஊராட்சிகளையும், 41 நகராட்சிகளோடு 147 ஊராட்சிகளையும் இணைக்கப் போவதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. கூடவே புதிய நகராட்சிகள், புதிய பேரூராட்சிகள். திருச்சி, மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் ஊர்மக்கள் மறியலில் இறங்கினார்கள். ஆட்சியர் அலுவலகங்களில் மனுக்கள் குவிந்தன. சத்தம் போடாமல், ‘சீக்கிரம் சேர்த்தால் நல்லது’ என்று காத்திருந்தவர்களும் அதே ஊர்களில் இருந்தார்கள். எதிர்ப்பு மனு கைக்கு வரும்போது கையெழுத்துப் போடுவதா, வேண்டாமா என்று குழம்பி நிற்பவர்களுக்காக இந்தக் கட்டுரை.

‘வரி ஏறும், நூறு நாள் வேலை போய்விடும்’ என்கிறது ஒரு தரப்பு. ‘ரோடு வரும், பாதாளச் சாக்கடை வரும், மனை விலை ஏறும்’ என்கிறது இன்னொரு தரப்பு. இரண்டுமே உண்மைதான். ஆனால் இழப்பு ஒரு வீட்டுக்கும் லாபம் வேறொரு வீட்டுக்கும் போகிறது. டீக்கடையில் இந்த வாக்குவாதம் முடியாமல் இழுப்பதற்கு அதுவே காரணம்.

## பட்ஜெட்டில் உங்கள் ஊர் எந்த எண்ணில் இருக்கிறது?

சட்டமன்றத்தில் துறைவாரியாகப் பணம் ஒதுக்கும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு மானியக் கோரிக்கை எண் உண்டு. ஊரக வளர்ச்சித் துறைக்கு 42. நகராட்சி நிர்வாகம், குடிநீர் வழங்கல் துறைக்கு 34. ஊராட்சி என்ற பெயர்ப்பலகையை மாற்றுவதென்றால் உங்கள் ஊர் 42இலிருந்து 34க்குக் குடிபெயர்கிறது என்று பொருள்.

2025–26 பட்ஜெட்டில் ஊரக வளர்ச்சிக்கு 29,465 கோடி ரூபாய், நகராட்சி நிர்வாகத்துக்கு 26,678 கோடி. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஊரகத்தில் சுமார் 3.72 கோடிப் பேர், நகர்ப்புறத்தில் 3.49 கோடிப் பேர். கணக்கெடுப்பு பழையதுதான், இருந்தாலும் வகுத்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் தலைக்கு ஏழாயிரத்துச் சொச்சம் வருகிறது. ஆகவே ‘நகரத்துக்குத்தான் பணம் கொட்டுகிறது’ என்பதும், ‘கிராமத்துக்குத்தான் சலுகை எல்லாம்’ என்பதும் பாதி உண்மைகூட இல்லை. 42இல் வரும் பணத்தில் பெரும்பங்கு கூலியாக, வீட்டு மானியமாக, சிறு சாலையாகத் தனித்தனி வீடுகளையும் தெருக்களையும் தொடுகிறது. 34இல் வரும் பணம் குடிநீர்த் திட்டம், பாதாளச் சாக்கடை, பேருந்து நிலையம் என்று பெரிய வேலைகளாக வருகிறது; அது ஊருக்குப் பொது. அந்த வேலை நடக்கும் தெருவில் நீங்கள் குடியிருக்கிறீர்களா என்பது வேறு கேள்வி.

பெயர்ப்பலகை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு சின்ன உதாரணம். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தபோது, 2024 ஜூலையில் ஊரகப் பள்ளிகளுக்குத்தான் முதலில் கிடைத்தது. நகர்ப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கு வந்தது 2025 ஆகஸ்டில். ஓராண்டுக்கு மேல் இடைவெளி. எல்லைக்கல்லின் இந்தப் பக்கம் இருந்த பிள்ளைக்குப் பொங்கல், அந்தப் பக்கம் இருந்த பிள்ளைக்கு இல்லை.

## எதை வைத்து எடைபோடுவது?

நான் ஐந்து விஷயங்களைப் பார்க்கிறேன். எல்லாவற்றுக்கும் ஒரே எடை கிடையாது. முதல் இரண்டுக்கும் எடை அதிகம்.

1. ஊரில் எத்தனை குடும்பங்கள் அரசு தரும் உடலுழைப்பு வேலையை நம்பியிருக்கின்றன.
2. வரியும் கட்டணமும் எவ்வளவு ஏறும், எப்போது ஏறும், வசதி அதற்கு முன்னா பின்னா.
3. குடிசை வீடுகள் எத்தனை மிச்சம். எந்த வீட்டுத் திட்டம் பொருந்தும்.
4. தண்ணீர், கழிவுநீர், குப்பை: இப்போதைய ஏற்பாடு தாங்குகிறதா.
5. புகார் சொல்லப் போனால் யார் கேட்பார்கள்.

முதல் இரண்டையும் ஒரே தெருவில் இருக்கும் மூன்று வீடுகளை வைத்துப் பார்க்கலாம். தொகைகள் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் ரசீதை வைத்து மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் வீடு, கூலி வேலைக்குப் போகும் குடும்பம். 2025–26இல் தமிழ்நாட்டுக்கு நூறு நாள் வேலைக் கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். நூறு நாளும் கிடைத்தால் 33,600. முழு நூறு நாள் கிடைப்பது அபூர்வம் என்பதால் ஐம்பது என்று வைப்போம்: 16,800 ரூபாய். அவர்கள் வீட்டு வரி ஆண்டுக்கு 400 ரூபாய் என்றால், அது மூன்று மடங்கானாலும் கூடுதல் சுமை 800தான். இந்தக் குடும்பத்துக்கு வரி ஏறுவதைவிட வேலை போவது இருபது மடங்கு பெரிய அடி. ஆனால் மேடையில் பேசுபவர்கள் வரியைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள், ஏனென்றால் மேடையில் இருப்பவர் பெரும்பாலும் இரண்டாவது வீட்டுக்காரர் அல்லது மூன்றாவது வீட்டுக்காரர்.

இரண்டாவது வீட்டில் நகரத்துக்கு வேலைக்குப் போய்வருகிறார்கள். வேலை அட்டை கிடையாது. கோடையில் டேங்கர் தண்ணீர், ஆண்டுக்கு ஒருமுறை கழிவுநீர் லாரி என்று ஏற்கெனவே கைக்காசு செலவழிக்கிறார்கள். வரி ஏறினாலும் உண்மையில் குழாய் வந்தால் இவர்களுக்கு லாபம். வராவிட்டால் இரட்டைச் செலவு.

மூன்றாவது, வீடில்லை, காலிமனை. ஊராட்சியில் காலிமனை வரி என்ற ஒன்று இல்லை. நகர்ப்புற உள்ளாட்சியில் சதுர அடிக் கணக்கில் உண்டு. சும்மா கிடக்கும் மனைக்கும் அரையாண்டுக்கு ஒருமுறை கட்ட வேண்டும். மனை விலை ஏறுவது விற்கும் அன்றுதான் கைக்கு வரும், வரி அதற்கு முன்பே வந்துவிடும். பிள்ளைகளுக்கென்று மனை வாங்கிப் போட்டவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

உங்கள் தெருவில் இந்த மூன்றில் எது அதிகம்? அதை எண்ணிப் பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

## ஊராட்சியாகவே இருப்பது

கிடைப்பது. வேலை உறுதித் திட்டம் ஊரகத்துக்கு மட்டுமே உரியது. 2005ஆம் ஆண்டுச் சட்டம் 100 நாளுக்கு உத்தரவாதம் தந்தது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டம் அதை 125 நாள் என்கிறது. ஆனால் முன்பு கூலி முழுவதையும் மத்திய அரசு கொடுத்தது. புதிய ஏற்பாட்டில் செலவில் 40 விழுக்காடு மாநிலத்தின் தலையில். விதைப்பு, அறுவடைக் காலங்களில் 60 நாள் வரை வேலையை நிறுத்திவைக்கவும் இடமுண்டு. அதாவது இந்த வேலை எத்தனை நாள் நடக்கும் என்பது இனி மாநில பட்ஜெட்டின் மூச்சையும் பொறுத்தது. காகிதத்தில் உள்ள 125ஐ நம்பி மட்டும் ‘ஊராட்சியே போதும்’ என்று முடிவெடுக்காதீர்கள். உங்கள் ஊரில் கடந்த இரண்டு ஆண்டு எத்தனை நாள் கிடைத்தது என்று வேலை அட்டைகளைப் புரட்டிப் பாருங்கள்.

வீட்டுத் திட்டத்திலும் ஊரகப் பக்கம்தான் கை ஓங்கியிருக்கிறது. 2024–25 பட்ஜெட்டில் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டம் ஊரகக் குடிசைகளுக்கானது: 360 சதுர அடி வீடு, வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய், அந்த ஆண்டு ஒரு லட்சம் வீடுகள், 2030க்குள் எட்டு லட்சம் என்று இலக்கு. ஊரில் இருபது முப்பது குடிசைகள் பட்டியலில் காத்திருக்கின்றன என்றால், பெயர்ப்பலகை மாறும் நாளைத் தள்ளிப்போடுவதில் அர்த்தம் உண்டு.

கிராம சபை இன்னொன்று. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை. வரவு செலவை எழுந்து நின்று கேட்கலாம். தலைவரைக் கட்சிச் சின்னமில்லாமல் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறோம். அவர் அடுத்த தெருவில் இருக்கிறார். தெருவிளக்கு எரியவில்லை என்றால் வீட்டு வாசலில் போய் நிற்கலாம்.

மறைவான செலவு. பொதுவாகப் பேசப்படாதது இதுதான்: ‘வேண்டாம்’ என்று இருப்பதற்கும் விலை உண்டு. மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 விழுக்காடு உள்ளாட்சிகளுக்குப் போகிறது. அதில் ஊராட்சிக்கு வரும் பங்கில் மின்கட்டணத்துக்கும் கூட்டுக் குடிநீர்க் கட்டணத்துக்கும் ஒரு பெரிய துண்டு முதலிலேயே போய்விடும். மிச்சத்தில் புதிய நகர்களுக்குச் சாலை போட வழியில்லை. நகரத்தை ஒட்டிய ஊராட்சியில் அடுக்குமாடிகள் முளைத்துக்கொண்டே இருக்கும். குப்பையும் கழிவுநீரும் மாநகர அளவில் வரும். அள்ள இருப்பது சில தூய்மைக் காவலர்கள். கழிவுநீர் ஏரியில் இறங்கும். ஏரி கெட்டபின் அதை மீட்கும் செலவு எந்தப் பெயர்ப்பலகையின் கீழும் சுலபமல்ல.

இன்னொன்று: கிராம சபை பற்றிப் பெருமை பேசும்போது, 28 மாவட்டங்களில் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்து தேர்ந்தெடுத்த தலைவர்களுக்குப் பதில் அரசு அமர்த்திய தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2016 இறுதியிலிருந்து 2019 இறுதி வரையும் இதே கதைதான். தேர்ந்தெடுத்த அமைப்பு இல்லாததால் மத்திய நிதிக்குழு (மத்திய வரிப் பணத்தைப் பங்கிடப் பரிந்துரைக்கும் குழு) மானியமும் நின்றது. தலைவர் இல்லாத காலத்தில் ஊராட்சியின் ‘அருகாமை’ பாதி பலம் இழக்கிறது.

எந்த ஊருக்குத் தோது. சாகுபடி நிலம் இன்னும் பெரும்பகுதியாக இருக்கும் ஊர். பாதிக்கு மேல் குடும்பங்கள் வேலை அட்டையை உண்மையில் பயன்படுத்தும் ஊர். குடிசைகள் மிச்சமிருக்கும் ஊர். வரைபடத்தில் நகரத்துக்குப் பக்கம் என்பதற்காக இந்த ஊர்களை இழுத்துச் சேர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

## பேரூராட்சி ஆவது

இதை எல்லோரும் ‘நடுவழி’ என்று நினைக்கிறார்கள். அப்படி அல்ல. பேரூராட்சி சட்டப்படி நகர்ப்புற உள்ளாட்சி. வேலை உறுதித் திட்டம் அன்றே நின்றுவிடும். சொத்து வரி, காலிமனை வரி, நகர்ப்புற விதிகள் எல்லாம் வரும். ஆனால் மாநகராட்சிக்கு உள்ள வரி வருமானமும் பொறியாளர் படையும் வராது.

இதில் அரசுக்கே குழப்பம் இருந்திருக்கிறது. 2004இல் ஐந்நூறுக்கும் மேற்பட்ட பேரூராட்சிகளை ‘சிறப்பு ஊராட்சி’ என்று அரசு மாற்றியது. ஊரகத்துக்கென்று வரும் மத்திய நிதியை இந்த ஊர்களும் பெறட்டும் என்பது நோக்கம். 2006இல் ஆட்சி மாறியதும் அவை மறுபடி பேரூராட்சி ஆயின. ஊர் அதே ஊர், சந்தை அதே சந்தை. சுமார் இரண்டு ஆண்டில் இரண்டு முறை துறை மாறியது. பெயர்ப்பலகை என்பது எந்த நிதிக் குழாயில் வாய் வைப்பது என்ற முடிவு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

கிடைப்பது. செயல் அலுவலர், தனி அலுவலகம், ஊருக்கே உரிய மன்றம். வார்டு சிறியதாகவே இருக்கும். மாநகராட்சியின் ஒரு மூலையாகக் கரைந்துபோகாமல் ஊரின் பெயரும் முடிவெடுக்கும் இடமும் ஊரிலேயே நிற்கும். மாநில அரசின் கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம், மத்திய அரசின் அம்ருத் போன்ற நகர்ப்புற நிதிகளுக்கு விண்ணப்பிக்கலாம்.

மறைவான செலவு. பெரிய திட்டங்களில் உள்ளாட்சி தன் பங்காக ஒரு தொகை போட வேண்டும், இல்லையென்றால் கடன் வாங்க வேண்டும். கடைத்தெரு இல்லாத, வாடகை வருமானம் இல்லாத புதுப் பேரூராட்சிக்கு அந்தப் பங்கு எங்கிருந்து வரும்? வரியிலிருந்துதான்.

வேலை போனவர்களுக்கு மாற்று என்று சொல்லப்படுவது தமிழ்நாடு நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டம். 2022–23இல் 100 கோடி ரூபாயில் முன்னோட்டமாகத் தொடங்கினார்கள்: மாநகராட்சிகளில் சில மண்டலங்கள், 7 நகராட்சிகள், 37 பேரூராட்சிகள். நல்ல எண்ணம்தான். ஆனால் அது பட்ஜெட் தரும் திட்டம், சட்டம் தரும் உரிமை அல்ல. ‘வேலை கேட்டேன், கொடு’ என்று சட்டத்தைக் காட்டிக் கேட்பதற்கும், ‘இந்த ஆண்டு ஒதுக்கீடு இருந்தால் தருகிறோம்’ என்ற பதிலுக்கும் உள்ள தூரம் கூலிக்காரருக்குத் தெரியும்.

எந்த ஊருக்குத் தோது. வாரச்சந்தை, பேருந்து நிறுத்தம், வங்கி, மேல்நிலைப் பள்ளி என்று சுற்றுக் கிராமங்கள் வந்துபோகும் ஊர். பக்கத்து மாநகரத்திலிருந்து தள்ளி, சொந்தக் காலில் நிற்கும் ஊர். மாநகராட்சி எல்லைக்கு இரண்டு கிலோமீட்டரில் உள்ள ஊர், ‘இணைப்பைத் தவிர்க்கலாம்’ என்ற கணக்கில் பேரூராட்சி கேட்பது வீண். சில ஆண்டில் அந்தப் பேரூராட்சியும் இணைப்புப் பட்டியலில் வரும். 2025 அறிவிப்பிலேயே மாநகராட்சிகளோடு சேரும் பட்டியலில் 5 பேரூராட்சிகள் இருந்தன.

## மாநகராட்சியிலோ நகராட்சியிலோ இணைவது

இதற்கு உத்தேசம் பேச வேண்டியதில்லை. கண்முன் ஒரு பெரிய சோதனை நடந்திருக்கிறது. 2011இல் சென்னை மாநகராட்சியோடு 42 உள்ளாட்சிகள் சேர்ந்தன: 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகள். பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. வார்டுகள் 155இலிருந்து 200 ஆயின.

பரப்பு இரண்டரை மடங்கு, வார்டு கால்பங்கு மட்டும் கூடுதல். இணைப்பில் மக்களின் குரலுக்கு என்ன ஆகிறது என்பது இந்த இரண்டு எண்ணிலேயே இருக்கிறது. சென்னையில் ஒரு வார்டுக்குச் சராசரியாக முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். ஊராட்சித் தலைவர் பெரும்பாலும் இதில் பத்தில் ஒரு பங்கு மக்களுக்குப் பதில் சொன்னவர். மேயரையும் நகராட்சித் தலைவரையும் கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். கிராம சபைக்கு மாற்றாக வார்டு குழுவும் பகுதி சபையும் வந்தன. முதல் பகுதி சபைக் கூட்டங்கள் 2022 நவம்பர் 1இல் நடந்தன. அவற்றுக்கு உங்கள் ஊரின் தீர்மானப் புத்தகம் பழகிய கனம் வர நாளாகும்.

வசதி? வந்தது, ஆனால் மெதுவாக. சேர்ந்த பகுதிகள் பலவற்றில் பாதாளச் சாக்கடைப் பணி பத்தாண்டு கழித்தும் நடந்துகொண்டிருந்தது. மழைநீர் வடிகாலும் அப்படியே. வெளிநாட்டுக் கடன் வாங்கிக் கட்ட வேண்டியிருந்தது. பணமில்லாதது மட்டும் காரணமல்ல. பாதாளச் சாக்கடை என்றால் விரிவான திட்ட அறிக்கை, நிதி ஒப்புதல், ஒப்பந்தப்புள்ளி, நிலம், சுத்திகரிப்பு நிலையம் என்று ஒவ்வொரு படியும் ஆண்டுக் கணக்கு. உங்கள் ஊர் இணைந்த பிறகுதான் முதல் படியே தொடங்கும் என்றால், பத்தாண்டு என்பது மிகையான மதிப்பீடு அல்ல.

வரியில் மட்டும் சென்னை ஒரு நல்ல முன்மாதிரியை விட்டுச்சென்றிருக்கிறது. 2022 ஏப்ரலில் சொத்து வரியை உயர்த்தியபோது பழைய சென்னைக்கு 50, 75, 100, 150 விழுக்காடு என்று வீட்டின் அளவுக்கேற்ப அடுக்குகள். 2011இல் சேர்ந்த பகுதிகளுக்கு 25, 50, 75, 100தான். 600 சதுர அடிக்குள் இருக்கும் வீட்டுக்கு 25 விழுக்காடு. அதாவது ஒரே மாநகராட்சிக்குள் இரண்டு விகிதம் வைக்க முடியும், வைத்திருக்கிறார்கள். ‘சேர்ந்துவிட்டால் எல்லாருக்கும் ஒரே வரி, விதி அப்படி’ என்று அலுவலகத்தில் யாராவது சொன்னால் இதை எடுத்துக் காட்டுங்கள்.

அந்த உயர்வு ஏன் வந்தது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. 15ஆவது நிதிக்குழு, நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு மானியம் வேண்டுமென்றால் சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதத்தை அறிவித்து, மாநிலத்தின் பொருளாதார வளர்ச்சிக்கு ஏற்ப அதை உயர்த்திக்கொண்டே வர வேண்டும் என்று நிபந்தனை போட்டது. பிறகு ஆண்டுக்கு 6 விழுக்காடு உயர்வு என்ற ஏற்பாடும் வந்தது. 6 விழுக்காடு சின்னதாகத் தெரியும். அது தொடர்ந்தால் பன்னிரண்டு ஆண்டில் வரி இரட்டிப்பாகும். பாதாளச் சாக்கடை வரும் நாளும் கிட்டத்தட்ட அதுதான். உள்ளூர் கவுன்சிலரைத் திட்டிப் பயனில்லை; அந்த எண் டெல்லியிலும் கோட்டையிலும் முடிவானது. (ஏப்ரல், அக்டோபர் மாதங்களுக்குள் கட்டினால் 5 விழுக்காடு தள்ளுபடி உண்டு. அதையாவது விடாதீர்கள்.)

மறைவான செலவு. வரி ரசீதில் வராத செலவுகள்தான் இங்கே அதிகம்: குடிநீர் இணைப்புக்கு வைப்புத்தொகை, பாதாளச் சாக்கடை இணைப்புக் கட்டணம், குப்பைக் கட்டணம், தொழில் உரிமக் கட்டணம். பெட்டிக்கடை, தையல் கடை வைத்திருப்பவர்கள் கடைசியில் சொன்னதை முதலில் பார்க்க வேண்டும். இன்னொரு கண்ணுக்குத் தெரியாத செலவு, நடுவில் நிற்கும் வேலைகள். ஜல் ஜீவன் திட்டம் ஊரகத்துக்கானது. தொட்டி கட்டி, குழாய் பாதித் தெருவுக்குப் போட்ட நிலையில் ஊர் நகர்ப்புறமாகிவிட்டால், மீதித் தெருவை யார் முடிப்பது என்று இரண்டு துறைகள் கடிதம் எழுதிக்கொண்டிருக்கும்.

ஆடு மாடு வைத்திருப்பவர்களும் யோசிக்க வேண்டும். மாநகரத் தெருவில் திரியும் மாட்டுக்கு அபராதம் உண்டு. மேய்ச்சல் புறம்போக்கில் பூங்கா வரும்.

எந்த ஊருக்குத் தோது. பேருக்கு ஊராட்சி, உள்ளுக்குள் நகரம் என்றாகிவிட்ட ஊர்கள். வயல் மனையாகி, மனை வாடகை வீடாகி, நிலத்தடி நீர் கெட்டு, குப்பை சாலையோரம் எரியும் ஊர். அங்கே வேலை அட்டை வைத்திருப்பவர்கள் குறைவு. தண்ணீர் லாரிக்குக் கொடுப்பவர்கள் அதிகம். இப்படிப்பட்ட ஊர் ஊராட்சியாகவே நீடிப்பதில் யாருக்கு லாபம் என்று பார்த்தால், நகர வசதியைக் காட்டி விற்று, கிராமக் கட்டணத்தில் அனுமதி வாங்கும் மனை வணிகருக்குத்தான்.

## ஒரு பார்வையில்

| | ஊராட்சி | பேரூராட்சி | மாநகராட்சியில் இணைவு |
|---|---|---|---|
| வேலை உறுதி | சட்ட உரிமை உண்டு | இல்லை. சில இடங்களில் நகர்ப்புறத் திட்டம் | இல்லை. சில மண்டலங்களில் மட்டும் |
| வீட்டு வரி | குறைவு | கூடும் | அதிகம். தனி விகிதம் கேட்க இடமுண்டு |
| காலிமனை வரி | இல்லை | உண்டு | உண்டு |
| குடிசைக்கு மாற்று வீடு | கனவு இல்லம், 3.5 லட்சம் | நகர்ப்புற வீட்டுத் திட்டம் | நகர்ப்புற வீட்டுத் திட்டம் |
| கழிவுநீர், குப்பை | சிறிய ஊருக்குப் போதும் | பணம் இருந்தால் | வரும். ஆண்டுகள் ஆகும் |
| கேள்வி கேட்கும் இடம் | கிராம சபை | ஊர் மன்றம் | வார்டு, பகுதி சபை |

## கையெழுத்துப் போடுவதற்கு முன்

2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக நிர்வாக எல்லைகளை 2025 டிசம்பர் 31க்குப் பிறகு மாற்றக் கூடாது என்று மத்திய அரசு சொல்லியிருக்கிறது. கணக்கெடுப்பு முடியும்வரை கிடைக்கும் இந்த இடைவெளியைப் போராட்டத்தை ஆறப்போட அல்ல, கணக்கெடுக்கப் பயன்படுத்தலாம். இணைக்கும் அதிகாரம் மாநில அரசுடையது. கிராம சபைத் தீர்மானம் அதைத் தடுத்துவிடாது. ஆனால் ‘இணைக்காதே’ என்ற ஒற்றை வரித் தீர்மானத்தைவிட, நிபந்தனை எழுதிய தீர்மானத்துக்குப் பதில் சொல்லாமல் கடப்பது அதிகாரிகளுக்குக் கடினம். எதிர்ப்பவர்களும் நிபந்தனையை எழுதி வைப்பது நல்லது; எதிர்ப்பு தோற்றால் கையில் மிஞ்சுவது அதுதான்.

நான் எழுதச் சொல்வது இவற்றை:

- சொத்து வரிக்குத் தனி அடுக்கு. 2022இல் சென்னையின் இணைந்த பகுதிகளுக்குக் கொடுத்ததை ஆதாரமாகக் காட்டுங்கள்.
- நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டத்தில் இந்தப் பகுதி சேர்க்கப்படும் என்பதற்கு எழுத்துப்பூர்வ உறுதி, முதல் நாளிலிருந்தே.
- கனவு இல்லம் பட்டியலில் உள்ள பயனாளிகளுக்கு இணைப்புக்கு முன்பே பணி ஆணை.
- பாதாளச் சாக்கடை, குடிநீருக்கான திட்ட அறிக்கையில் ஊரின் எந்தெந்தத் தெருக்கள் இருக்கின்றன என்ற பட்டியல். ‘அடுத்த கட்டத்தில்’ என்ற பதிலை ஏற்காதீர்கள்.
- வார்டு பிரிக்கும்போது ஊரை இரண்டாக வெட்டக் கூடாது.
- ஊராட்சிக் கணக்கில் இருக்கும் மிச்சப் பணம், கட்டடம், குளம், பொது நிலம் ஆகியவற்றின் பட்டியல் கிராம சபையில் படிக்கப்பட்டுப் பதிவாக வேண்டும்.

வீட்டளவில் செய்ய வேண்டியது குறைவு, ஆனால் அவசரம். பட்டா நகலை எடுத்து வையுங்கள்; வீட்டு வரி ரசீது, கட்டட அனுமதி, குடிநீர் இணைப்பு ரசீது எல்லாவற்றுக்கும் ஊராட்சியில் கையொப்பமிட்ட நகல் வாங்கி வையுங்கள். பதிவேடுகள் இடம் மாறும்போது பக்கங்கள் காணாமல் போவது புதிதல்ல. பயிர் செய்யும் நிலம் இருந்தால் அடங்கல் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்று சொல்லும் பதிவேடு) நகலும் சேர்த்து. நாளை அதைக் காலிமனை என்று கணக்கிட்டால் பதில் சொல்ல அதுதான் கைகொடுக்கும். தீர்மானம் நிறைவேறிய அன்றே தீர்மான எண்ணையும் தேதியையும் கேட்டுக் குறித்துக்கொண்டு, நகலுக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, விண்ணப்பத்துக்கு ஒப்புகை வாங்கிவிடுங்கள்.